பெருவாளோடு கேடயமும் வேண்டுமா?
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பகடைக் கதையாட்டத்தில் பெருவாளும் கேடயமும் சேர்த்துக் கேட்டால், ஆட்டத்தை நடத்தும் டிஎம் மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது சரிதான் நண்பரே. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் பெருவாள் வீச இரண்டு கையும் வேண்டும். கேடயத்தை மாட்ட, உங்கள் முறையில் கிடைக்கும் ஒரு ஆக்‌ஷன், கழற்ற ஒரு ஆக்‌ஷன். மாற்றி மாற்றிப் பிடித்தால் எதிரிக்குத்தான் கொண்டாட்டம்.

கணக்குப் பாருங்கள். அடியின் சேதத்துக்குப் பெருவாளுக்கு ஆறுமுகப் பகடை இரண்டு, சராசரி 7. நீள்வாளுக்கு எட்டுமுகப் பகடை ஒன்று, சராசரி 4.5; ஒற்றைக் கை ஆயுதத்துக்கான டூயலிங் சண்டைப் பாணி எடுத்தால் இன்னும் 2, ஆக 6.5. இந்த அரைப் புள்ளிக்காகவா கேடயம் தரும் 2 ஏசியை, அதாவது தற்காப்பு எண்ணில் கூடும் இரண்டை, விடுவீர்கள்?

கிருஷ்ணகிரியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நானும் இப்படி அடம்பிடித்தவன்தான். மூன்றாவது சுற்றிலேயே படுத்துவிட்டேன். அப்புறம் தருமபுரி அருங்காட்சியகம் போனால், நடுகல் வீரர்கள் ஒரு கையில் வாளும் மறுகையில் கேடயமுமாக நிற்கிறார்கள்!