அடும்பங்கொடி: மலேசியாவின் பந்திங் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மோரிப் கடற்கரை மணலில் ஊதாப்பூ பூத்துப் படரும் கொடியை எங்கள் மலாய் அண்டை வீட்டார் 'தாப்பாக் கூடா' என்கிறார்கள். தமிழில் இதற்குப் பெயர் உண்டா?

பதில்: உண்டு, அடும்பு என்பது சங்க காலம் தொட்டு வழங்கும் பெயர். நுனியில் இரண்டாகப் பிளந்த இலையை மலாய்க்காரர்கள் 'தாப்பாக் கூடா', அதாவது குதிரையின் குளம்பாகவும், 'ஐபோமியா பெஸ்-காப்ரே' என்று பெயரிட்ட தாவரவியலார் ஆட்டின் பாதமாகவும் கண்டார்கள். குறுந்தொகையின் 243ஆம் பாடலோ மானின் அடி என்கிறது. என் கண்ணுக்கு மானே பொருந்துகிறது.

கேள்வி: லயத்து வீட்டு வாசலில் நட்டேன், அழுகிவிட்டது. மீண்டும் முயலலாமா?

பதில்: முயலலாம். செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) ஒத்துப்போகும் நம் களிமண், நீர் வடியும் மணலில் வாழப் பழகிய இக்கொடிக்கு ஆகாது. நானும் முதலில் கொல்லைப்புறத்துக் கறுப்பு மண்ணில் நட்டு, அன்றாடம் தண்ணீர் ஊற்றி, மூன்றே வாரத்தில் அடித்தண்டைக் குழைய விட்டவன்தான். முழு வெயில் படும் இடத்தில் ஓரடி உயரத்துக்கு மணல்மேடு போட்டு, கணுக்களில் ஏற்கெனவே வேர்விட்ட ஒரு முழத் தண்டைப் படுக்கவைத்து, கணுக்களை மட்டும் மணலால் மூடுங்கள். வேர் பிடித்தபின் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். கடற்கரையில் கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைப் பிடித்து நிறுத்துவது இக்கொடியே என்பதால், தாய்க்கொடியை மட்டும் பிடுங்காதீர்கள். விதையென்றால், பழுப்பு மயிர் போர்த்த அதன் தோல் கடலில் மிதந்து வேறு கரை சேரும் அளவுக்கு நீர்புகாத் தோலாகும். ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, இரவு முழுதும் ஊறவைத்த பிறகே ஊன்ற வேண்டும்.

கேள்வி: இலைக்காம்பில் எறும்பு மொய்க்கிறது. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். காம்பு இலையோடு சேருமிடத்தை உற்றுப் பார்த்தால் இருபுறமும் சிறு புள்ளிகளாகத் தேன்சுரப்பிகள் தெரியும். அந்தத் தேனுக்காக வரும் எறும்புகள், வந்த இடத்தில் இலை தின்னும் பூச்சிகளையும் விரட்டுகின்றன.

கேள்வி: காங்கோங் கீரைபோல் இதன் இலையை வதக்கிச் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. காங்கோங்கும் சர்க்கரைவள்ளியும் இதற்கு நெருங்கிய உறவு என்றாலும், இதிலுள்ள பிசின் பேதியாக்கும்.

கேள்வி: எங்கள் வேலியில் ஏறியிருக்கும் ஊதாப்பூக் கொடியும் அடும்புதானா? இலை ஐந்து விரலாகப் பிரிந்திருக்கிறது.

பதில்: அல்ல, அது வெளியிலிருந்து வந்து பரவிய ரயில்வே கொடி. இரண்டுமே காலையில் விரிந்து பிற்பகலில் வாடுவதால் பூவை வைத்துக் குழம்ப வாய்ப்புண்டு. கம்பியைச் சுற்றி ஏறினால் ரயில்வே கொடி, ஏறாமல் தரையிலேயே ஓடினால் அடும்பு.