பாலக்கோட்டுல இருக்கற அம்மாவுக்கு பாரோ ரோபோ வாங்கலாமா – பதில்

வணக்கம்ங்க. நீங்க ஓசூர்ல வேலை, அம்மா பாலக்கோட்டுல, மறதி நோய், சாயங்காலமானா "வீட்டுக்குப் போகணும்"னு வாசல் கேட் கிட்ட போய் நிக்கறாங்க, பாரோ வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க.

பாரோ ஜப்பான்காரங்க பண்ணுன, சீல்ங்கற கடல் பிராணியோட குட்டி மாதிரி இருக்கற ரோபோ, மடியில வெச்சு தடவுனா கண்ணை முழிச்சுப் பார்க்கும், தலையைத் திருப்பும், குட்டி மாதிரி கத்தும், பேசாது, அதனால தமிழ் தெரியாதேங்கற கவலை இல்ல. அமெரிக்காவுல 2009லயே மருத்துவ சாதனமா ஏத்துக்கிட்டாங்க, சில முதியோர் இல்லங்கள்ல பதட்டம் குறையறதையும் பார்த்திருக்காங்க. ஆனா விலை 6000 டாலர் பக்கம், அது மாத்திரை தராது, விழுந்தா தூக்காது, பாத்ரூம் கூட்டிப் போகாது, உங்கம்மாவுக்கு இப்ப வேண்டியது அதெல்லாம்தாங்க.

அந்தக் காசுல தெரிஞ்ச அக்கா ஒருத்தரை கூட வைங்க, முக்கியமா சாயங்காலம். மடியில வைக்க முதல்ல மெத்துனு ஒரு துணி பொம்மை குடுத்துப் பாருங்க, ஆடு மாடு வளர்த்தவங்கன்னு சொன்னீங்களே, கை தானா தடவும், பிடிக்கலைன்னா திணிக்க வேண்டாம். இருட்டறதுக்கு முன்னாடியே லைட் போட்டுடுங்க. திடீர்னு குழப்பம் ஜாஸ்தியானா யூரின் இன்ஃபெக்‌ஷனா கூட இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. பிரஷர், சுகர் இருந்தா மக்களைத் தேடி மருத்துவத்துல (2021ல நம்ம கிருஷ்ணகிரி சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க) மாத்திரை வீட்டுக்கே வரும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல அம்மா பேரைக் குடுத்துடுங்க.