கணினி கேள்வி பதில்: தோளுக்குச் சுமையாகாத மடிக்கணினி

கேள்வி: வணக்கம் ஐயா. நான் திண்டுக்கல் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. வினாத்தாள், பாடக்குறிப்பு எல்லாவற்றையும் தமிழ்99 விசைப்பலகை முறையில் நானே தட்டச்சு செய்கிறேன். மாலையில் கணவரின் கடைக் கணக்கை டாலியில் பதிவதும் என் வேலைதான். இப்போதுள்ள மடிக்கணினியைப் பேருந்தில் சுமந்து தோள்வலி வந்துவிட்டதால், எடை குறைந்த ஒன்றை வாங்க நினைக்கிறேன். உடன் பணிபுரிபவர் மேக்புக் ஏர் என்கிறார்; கடைக்காரர் குரோம்புக் போதும் என்கிறார்; கல்லூரியில் படிக்கும் மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்கிறான். எதை வாங்குவது?

பதில்: மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்கான விடை டாலியில்தான் தொடங்குகிறது. டாலி பிரைம் விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்துவதற்கென்றே உருவாக்கப்பட்ட மென்பொருள். கடைக் கணக்கும் இதே கணினியில்தான் நடக்க வேண்டும் என்றால் இயங்குதளம் விண்டோஸ் 11 என்பது முடிவாகிவிடுகிறது. அதன்பிறகு அதற்கேற்ற கணினியைத் தேடினால் போதும். கணினியின் அழகையும் எடையையும் பார்த்து முதலில் வாங்கிவிட்டு, நமக்கு வேண்டிய மென்பொருள் அதில் ஓடுமா என்று பிறகு விசாரிப்பவர்கள்தான் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

கணக்கு வேலையைக் கடையிலேயே ஒரு மேசைக் கணினிக்கு மாற்றிவிட முடியுமானால் நிலைமை வேறு. 2022இல் வந்த, ஆப்பிளின் எம்2 சிப் கொண்ட மேக்புக் ஏரின் எடை 1.24 கிலோதான், உள்ளே விசிறி இல்லாததால் வகுப்பறையில் சத்தமே எழாது, தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது. குரோம்புக், இணைய உலாவியிலேயே எல்லா வேலையையும் முடித்துக்கொள்ளும் மாணவருக்கு மிகவும் ஏற்றது. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்பைப் பத்தாண்டுகள் தருவதாகக் கூகுள் 2023இல் அறிவித்திருக்கிறது. ஆனால் அந்தப் பத்தாண்டு நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த வகைக் கணினியின் அடித்தளமான வன்பொருள் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதால், தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலுக்கு மிச்சம் எத்தனை ஆண்டு என்று பார்த்துவிட வேண்டும். உங்கள் மகன் சொல்லும் லினக்ஸும் தமிழ் எழுதுவதற்குக் குறை வைக்காது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் வினாத்தாள் தயாரிக்கலாம். அட்டவணைகள் நிறைந்த தாளைப் பிறருக்கு அனுப்பும்போது மட்டும் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள், வரிகள் இடம் மாறாது.

இனி கணினிக்கு வருவோம். விளம்பரத்தில் இருப்பது கணினியின் எடை மட்டுமே. நீங்கள் சுமப்பது சார்ஜரையும் சேர்த்து. ஆகவே 13 அல்லது 14 அங்குலத் திரையும் 1.2 முதல் 1.4 கிலோ வரை எடையும் கொண்டு, யுஎஸ்பி டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கணினியைத் தேடுங்கள். அப்படியானால் 65 வாட் சிறிய சார்ஜர் ஒன்றே கணினிக்கும் கைபேசிக்கும் போதும். எடையைக் குறைப்பதற்காகச் சில மாடல்களில் பேட்டரியைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். ‘பத்து மணி நேரம் நிற்கும்’ என்ற வாசகத்தை விட்டுவிட்டு, பேட்டரி எத்தனை வாட்-அவர் (அதில் சேமிக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு) என்று கேளுங்கள். தட்டச்சு போன்ற எளிய வேலையில் கணினி சுமார் 8 வாட் எடுத்துக்கொண்டால், 50 வாட்-அவர் பேட்டரி ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று விசைப்பலகையின் வலது ஓரம். தமிழ்99இல் ‘ச’ இருப்பது ஆங்கில எழுத்து ‘பி’க்கு அடுத்த சதுர அடைப்புக்குறி விசையில், அதற்கடுத்தது ‘ஞ’. அரைப்புள்ளி விசையில் ‘ந’, மேற்கோள் விசையில் ‘ய’, சாய்கோட்டு விசையில் ‘ழ’. உடலைச் சுருக்கிய 11, 12 அங்குலக் கணினிகளில் இடம் போதாமல் முதலில் குறுக்கப்படுவது இந்த விசைகளைத்தான். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ‘நாம்’ என்றும் ‘செய்ய’ என்றும் வரிக்கு வரி எழுதும் உங்களுக்கு வலது சுண்டுவிரல் ஓயாமல் தடுமாறும். எனவே கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் தமிழ்99ஐச் சேர்க்கச் சொல்லி, நோட்பேடைத் திறந்து, ஒரு முழுப் பத்தியை அடித்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

ரேம் எனப்படும் தற்காலிக நினைவக விஷயத்தில் சமரசம் வேண்டாம். மெல்லிய கணினிகளில் பெரும்பாலும் அது தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு கூட்ட முடியாது. 16 ஜிபி இருக்கட்டும். கோப்புகளைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளமாகப் போதும். விலை மிகக் குறைவாக இருக்கிறதே என்று 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட வேகம் குறைந்த மலிவு வகை) சேமிப்பகமும் கொண்டதை வாங்கிவிடாதீர்கள். விண்டோஸ் புதுப்பிப்புக்கே அதில் இடம் திணறும்.

ஸ்னாப்டிராகன் சிப் கொண்ட விண்டோஸ் கணினிகளையும் கடையில் காட்டுவார்கள். பேட்டரி நன்றாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் பழைய பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவற்றுக்கு அந்த வகைச் சிப்புக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் (அக்கருவியை இயக்கும் மென்பொருள்) வேண்டும். அது இல்லையென்றால் வேலை நின்றுவிடும். பள்ளி பிரிண்டரையும் கடைக் கணக்கையும் நம்பியிருக்கும் உங்களுக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ளதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: என் மடிக்கணினி ஆறாம் தலைமுறை இன்டெல், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு அனுமதி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22இன், பழைய கணினிக்கும் சுமையாகாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு உங்கள் கணினிக்குப் பொருந்தும். 2029 வரை அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே முதலில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று சோதித்து, கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகு நிறுவுங்கள். உள்ளே இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள். வேகத்தில் பெரிய வேறுபாட்டை உடனே உணர்வீர்கள்.

கேள்வி: புதிய கணினியில் எந்த மென்பொருளை நிறுவினாலும் ‘எஸ் மோட்’ என்று தடுக்கிறது. பழுதா? – வாசகி, காரைக்குடி

பதில்: பழுதல்ல. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டும் அனுமதிக்கும் விண்டோஸ் அமைப்பு அது. ஸ்டோர் வழியாகவே கட்டணமின்றி அதிலிருந்து வெளியேறலாம். வெளியேறிய பின் அதே அமைப்புக்குத் திரும்ப முடியாது. வெளியேற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.