படலையடிப் பதில்கள்

(இந்தப் பகுதிக்குப் பதில் எழுதும் அக்கா, இங்கிலாந்தின் நோர்போக் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் கணவரோடு கடையும் அதற்குள்ளேயே தபாலகமும் நடத்தியவர். இப்போது ஒட்டுசுட்டானில் இருக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் இங்கிலாந்துக் கிராம வாழ்க்கையைப் பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

கேள்வி: அக்கா, என் மகள் கலியாணம் முடித்து நோர்போக்கில் ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறாள். மருமகன் விடியப் போனால் இருட்டித்தான் வருவார். "அம்மா, இங்கே ஒரு மனிதச் சத்தம் இல்லை, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை" என்று தொலைபேசியில் அழுகிறாள். லண்டனுக்குக் குடிமாறச் சொல்லட்டுமா?
— ஒரு தாய், மாங்குளம்

பதில்: அவசரப்படாதீர்கள் தங்கச்சி. மகள் எந்த மாதத்தில் போனாள் என்று நீங்கள் எழுதவில்லை. மார்கழியில் போயிருந்தால் அழாமல் இருந்தால்தான் அதிசயம். பின்னேரம் 4 மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் 8 மணிக்குத்தான் சூரியனைக் காணலாம். ஆனி வரட்டும். இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் நிற்கும். அப்போது நித்திரை வரவில்லை என்று வேறொரு முறைப்பாடு வரும், பாருங்கள்.

பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது. உங்கள் மகள் வந்திறங்கிய அன்றே யன்னல் திரையை விலக்கி, எத்தனை பெட்டி இறங்கியது, பொடியன் எப்படி, பிள்ளை எப்படி என்றெல்லாம் பார்த்து முடித்திருப்பார்கள். மறுநாள் என்னைப் போன்ற ஒரு கடைக்காரியிடம் முத்திரை வாங்குகிற சாட்டில் விசாரித்தும் இருப்பார்கள். கதவை மட்டும் தட்ட மாட்டார்கள். அழையாத வீட்டுக்குப் போய் ஒருவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வளர்ந்த சனம் அது. நமக்கென்றால் வேலியில் பொட்டு இருக்கிறது. உப்பு முடிந்தால் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிக் கூப்பிட்டால் சரி. அங்கத்தைய வேலி முட்செடியும் பற்றையுமாக ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்கும். சில வேலிகளின் வயது பல நூறு வருடம். போதாக்குறைக்கு, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் கடைசி வரை குருவிகள் கூடு கட்டும் காலமென்று வயல் வேலிகளை வெட்டவும் சட்டம் விடாது.

ஆகவே முதல் அடியை மகள்தான் வைக்க வேண்டும். பின்வளவில் நிற்பதை விட்டுவிட்டு முன்முற்றத்தில் நின்று பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நாயோடு போகிற யாராவது நடையைத் தளர்த்தி, "இன்றைக்குப் பரவாயில்லை, என்ன?" என்பார். வானிலையைத்தான் சொல்கிறார். "ஓம், காற்றுத்தான் கொஞ்சம்" என்றால் போதும், அறிமுகம் முடிந்தது. நாயின் பெயரைக் கேட்கட்டும். ஆளின் பெயர் பிறகு வரும்; ஆறு மாதம்கூட ஆகலாம், அவசரமில்லை. கிழமைக்கு ஒருதரம் சுப்பர் மார்க்கெட்டில் மொத்தமாக வாங்காமல், பாணுக்கும் பாலுக்கும் ஊர்க் கடைக்கு நடந்து போகட்டும். (கடைக்காரி என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.) 1915இல் தொடங்கிய மாதர் சங்கத்துக்கு இன்றும் பல கிராமங்களில் கிளை உண்டு, மாதம் ஒரு கூட்டம், தேத்தண்ணீர், கேக். நமது மாதர் சங்கத்தைப் போலவே பாதிக் கூட்டம் ஊர்க் கதைதான். இன்னொன்று, அனேக கிராமங்களுக்கு எரிவாயுக் குழாய் வராது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைப் பவுசரில் கொண்டுவந்து தாங்கியில் நிரப்புவார்கள். ஊரவர் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாளில் எடுத்தால் விலை குறையும் என்று பல இடங்களில் குழு வைத்திருக்கிறார்கள். மருமகன் அதில் சேர்ந்தாலே பாதி ஊர் பழக்கமாகிவிடும்.

நடக்கப் பழகுவதும் நல்லது. வயலுக்கு நடுவால் பொதுப்பாதைகள் ஓடும். படலையில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும். காணி தனியாருடையது என்றாலும் யாரும் நடக்கலாம். விவசாயி பாதையை உழுது விதைத்தால், பொதுவாக 14 நாளைக்குள் நடக்கக்கூடியதாகத் திருத்திக் கொடுக்க வேண்டும். சொந்தக் காணிக்குள் கால் வைப்பதற்கே கடிதத்தோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கும் நம் சனத்திடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சத்தம் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஆகஸ்டில் அறுவடை இயந்திரம் நடுச்சாமம் வரை உறுமும். நோர்போக்கில் சீனி எடுப்பது கரும்பிலிருந்து அல்ல, வெள்ளைக் கிழங்கிலிருந்து. செப்டம்பர் பிறந்தால் கான்ட்லி, விசிங்டன் ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றிய லொறிகள் குளிர்காலம் முழுவதும் ஓடும், வீதியெல்லாம் சேறு. அந்த ஒரு மாவட்டத்திலேயே 600க்கு மேற்பட்ட பழந்தேவாலயங்கள் இருக்கின்றன. மணி அடிப்பவர்கள் உள்ள கோயிலென்றால் கிழமையில் ஓர் இரவு பயிற்சி நடக்கும், காது புளித்துப்போகும்.

ஒன்றை மட்டும் மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒக்டோபர் 1 முதல் பெப்ரவரி 1 வரை ஃபெசன்ட் என்ற பறவையைச் சுடும் காலம். ஒரு சனிக்கிழமை காலை, கடையில் பத்திரிகை அடுக்கிக்கொண்டு நிற்கிறேன், வயல் பக்கமிருந்து தொடர்ச்சியாக வெடி. அடுத்த கணம் நான் மேசைக்குக் கீழே. பாண் வாங்க வந்த கிழவர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் கையிலிருந்த காசை மேசையில் வைத்துவிட்டு, நான் எழும்பும்வரை வாசலைப் பார்த்தபடி நின்றார். அடுத்த கிழமை வேட்டை நடக்கிற நாட்களை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வந்து தந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தந்தார். கதவு தட்டாத சனம் என்றேனே, அவர்களில் ஒருவர்தான்.

லண்டன் போனால் கோயிலும் முருங்கைக்காயும் கிடைக்கும். வாடகையையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு கோடையும் ஒரு மாரியும் பார்த்துவிட்டு அவர்களே முடிவெடுக்கட்டும். கார் ஓட்டப் பழகுவதை மட்டும் பிற்போட வேண்டாம்.

கேள்வி: இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் முதியோர் பராமரிப்பு வேலை இருப்பதாகவும், விசா எடுத்துத் தருவதாகவும், அங்கே கார் தேவையில்லை என்றும் சொல்லி முகவர் ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஓர் இளைஞர், புதுக்குடியிருப்பு

பதில்: ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் தம்பி. பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரித்தானிய அரசு 2025 ஜூலை 22ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. கார் தேவையில்லை என்பதும் பொய். நாளுக்கு நாலைந்து பஸ் வந்தால் அந்தக் கிராமம் கொடுத்து வைத்தது. ஞாயிற்றுக்கிழமை பல இடங்களில் ஒன்றும் வராது. விடிய 6 மணிக்கு ஒரு கிழவியை எழுப்பிக் குளிப்பாட்டப் போகிறவர் எந்தப் பஸ்ஸில் போவார்? முகவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: அங்கே பாம்பு, யானை இருக்கிறதா?
— ஒரு மாணவன், விசுவமடு

பதில்: விஷப் பாம்பு ஒரே இனம், அடர் என்று பெயர். குளிர்காலம் முழுவதும் அது நித்திரை. யானை இல்லை, ஆகவே யானை வெடியும் இல்லை. முண்ட்ஜாக் என்றொரு குட்டை மான் உண்டு. சீனப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வளர்த்து, தப்பிப் பெருகியது. இரவில் நாய்போலக் குரைக்கும். என் ரோசாக் கன்றுகளை மொட்டோடு தின்று தீர்த்தது அதுதான்.

கேள்வி: போரில் இறந்தவர்களை அந்தக் கிராமங்களில் எப்படி நினைவுகூருகிறார்கள்?
— ஓர் ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: அனேகமாக ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கல் நிற்கும், கோயில் வாசலில் அல்லது சந்தியில். 1914–18, 1939–45 என்று வெட்டி, கீழே பெயர்கள். எங்கள் கல்லில் ஒரே குடும்பப்பெயர் மூன்று தரம் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு நான் பத்திரிகை கொடுத்திருக்கிறேன். நவம்பர் 11க்குக் கிட்டிய ஞாயிறு, சிவப்புப் பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டு ஊர் கூடும். பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். வந்தவர்களைப் படம்பிடித்து, பிறகு வீட்டுக்கு வந்து விசாரிக்க ஒருவரும் இல்லை.

முதலாம் போருக்குப் போன எல்லோரும் உயிரோடு திரும்பிய ஊர்களுக்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது, நன்றியுள்ள கிராமங்கள் என்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஐம்பதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் அப்படி ஓர் ஊரை நீங்கள் காட்டுங்கள் ரீச்சர், நான் நடந்தே வந்து பார்க்கிறேன். நானும் அந்தக் கல்லடிக்கு வருடா வருடம் போய் நின்றேன். யாருக்காக நிற்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி: மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஆறு மாதம் போகிறேன். எதைக் கொண்டு போகலாம்?
— ஒரு வாசகி, நெடுங்கேணி

பதில்: இறைச்சியும், பாலும், பாலில் செய்ததும் கொண்டுபோகக் கூடாது, நெய்ப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மீன் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை விடுவார்கள், ஆகவே கருவாட்டுக்குப் பயமில்லை. பொரிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறவுங்கள். முகட்டில் இருக்கிற புகை மணி கத்தினால் பதறாமல் துவாயால் விசிறுங்கள், நின்றுவிடும். முற்றம் கூட்டிச் சருகு எரிக்கிற பழக்கத்தை நெடுங்கேணியிலேயே விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் உடுப்புக் காய்ந்தால் பிள்ளைக்குத்தான் வில்லங்கம். குப்பை வாளி எந்த நிறம் எந்தக் கிழமை என்பதை மகளிடம் கேட்டுப் பாடமாக்குங்கள்.

கம்பளிச் சட்டை, சேற்றுக்கு முழங்கால் மட்டும் வருகிற இறப்பர் சப்பாத்து எல்லாம் அங்கே தொண்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அவற்றை இங்கிருந்து சுமக்க வேண்டாம். அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு கிலோ மிளகாய்த்தூள் வையுங்கள்.