பிணைக் கையெழுத்து, கொழும்பு வேலை, தங்கச்சியின் வீடு: கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது. ஊர் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம். மூன்று வருடமாகப் பட்டிப்பளையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் புரொஜெக்ட்டில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். டிசம்பரோடு அது முடிகிறது. கொழும்பில் ஒரு கம்பனி ஜனவரியில் வரச் சொல்கிறது. மொத்தம் 70,000 ரூபாய், அதில் அடிப்படை 45,000, மிச்சம் அலவன்ஸ். வெள்ளவத்தையில் அறையில் பங்கு 18,000 என்கிறார்கள். அப்பாவோ "அரச பட்டதாரி நியமனம் வரும், பேசாம ஊரில இரு" என்கிறார். தங்கச்சிக்கு அடுத்த ஆவணியில் கலியாணம். வீடு சுவர் மட்டத்தில் நிற்கிறது. நான் விரும்பும் பிள்ளையின் ஊர் திருக்கோவில். அவவின் வீட்டில் அரச வேலை கேட்கிறார்கள். சின்ன வயதுக் கூட்டாளி ஒருவன் ஓட்டோ லீசிங்குக்குப் பிணை கேட்கிறான், வருகிற திங்கள் கையெழுத்து. மற்றக் கூட்டாளிமார் பாதிப் பேர் கத்தாரில். எல்லாருக்கும் 'ஓம்' என்று சொல்லிவிட்டேன். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

எல்லாருக்கும் ஓம் என்றிருக்கிறீர்கள். ஒருவருக்கும் தொகையும் சொல்லவில்லை, திகதியும் சொல்லவில்லை. அதுதான் நித்திரையைக் கெடுக்கிறது. திங்கட்கிழமை முதலில் வருவதால் பிணையிலிருந்து தொடங்குகிறேன்.

லீசிங் முடியும்வரை ஓட்டோவின் உரிமை பைனான்ஸ் கம்பனியிடம்தான். தவணை தவறினால் வண்டியைத் தூக்குவார்கள், விற்பார்கள். விற்ற காசு கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்தைக் கூட்டாளியிடமும் கேட்கலாம், உங்களிடமும் கேட்கலாம். 'முதலில் அவனைப் பிடித்து, முடியாவிட்டால்தானே என்னிடம் வருவார்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். பிணைப் பத்திரத்தில் அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். வாசிக்காமல் கையெழுத்து வைப்பது அந்த வரிக்குத்தான். போதாததற்கு, நீங்கள் நின்ற பிணை கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவிலும் ஏறும், சனங்கள் 'கிறிப்' என்று சொல்வது அதைத்தான். ஐந்து வருடம் கழித்து நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போனால், வங்கி அதைப் பார்க்கும்.

டிசம்பரில் வேலை முடிகிற ஆள் பிணைக்குப் பொருத்தமில்லை. இது சாட்டு இல்லை, உண்மையே அதுதான். ஆகவே கூச்சப்படாமல் சொல்லலாம்: "மச்சான், டிசம்பரோட எனக்கு வேலை முடியுது. இப்ப சைன் வெச்சா ரெண்டு பேரும் மாட்டுவம்." ஞாயிறு இரவு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். இன்றைக்கே நேரில் போய்ச் சொல்லுங்கள், வேறு ஆள் தேட அவனுக்கு நாள் வேண்டும். உதவத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை முற்பணத்துக்குக் கொடுங்கள். தவணை எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை ஹயர் கிடைக்கும் என்று அவனோடு இருந்து கணக்குப் பாருங்கள். அந்தக் கணக்கைப் பார்க்க மறுக்கிற கூட்டாளிக்கு எந்தக் காலத்திலும் பிணை நிற்கக் கூடாது.

இனி கொழும்பு. 70,000 கையில் வராது. அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கழித்தாலும் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) உங்கள் பங்கு 8 வீதம், அதாவது 3,600. கம்பனி தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும். அந்த 3 வீதத்தை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. 25,000 அலவன்ஸ் எந்தப் பெயரில் வருகிறது என்று கேளுங்கள். வாழ்க்கைச் செலவுப் படி என்றால் அதற்கும் சேர்த்து நிதி கட்ட வேண்டும். தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு கட்டுகிறோம் என்றால் அது சட்டமில்லை, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். நியமனக் கடிதத்தில் உங்களை 'ஊழியர்' என்கிறார்களா, 'ஆலோசகர்' என்கிறார்களா என்பதையும் பாருங்கள். இரண்டாவது என்றால் இந்த வீதங்கள் ஒன்றும் வராது. பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியைக் 'கோப்பில் வைக்க' என்று கேட்டால் காட்டுங்கள், கொடுக்காதீர்கள்.

மிச்சம் 66,400. அறைக்கு 18,000. கடைச் சாப்பாடு ஒரு நேரம் 400 என்று வைத்தால் மூன்று நேரமும் சேர்த்து மாதம் 36,000 போகும். பஸ், போன், சவர்க்காரம், காய்ச்சல் தடிமனுக்கு மருந்து, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போவது எல்லாம் 11,000 என்றால் கையில் 1,400. கொழும்புக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்குக் காசு அனுப்ப முடியாமல் போனை எடுக்காமல் விடுவது இந்த இடத்தில்தான். ஒரு ரைஸ் குக்கர் வாங்கி, காலையும் இரவும் அறையில் சமைத்து, மத்தியானம் மட்டும் கடையில் சாப்பிட்டால் சாப்பாட்டுச் செலவு 22,000 அளவில் நிற்கும். அப்போது மிஞ்சுவது 15,400. ஆகவே அறை பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சமைக்க விடுவார்களா என்பதே. எத்தனை மாத வாடகை முற்பணம், அது திரும்ப வருமா என்பது இரண்டாவது. ஜனவரி முதலாம் திகதி சேர்ந்தால் சம்பளம் மாதக் கடைசியில்தான். முற்பணத்தோடு ஒன்றரை மாதச் செலவுக்கும் கையில் இல்லாமல் ரயில் ஏறாதீர்கள்.

அப்பாவின் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளை 20,000 ரூபாய் கொடுப்பனவோடு ஒரு வருடப் பயிற்சிக்கு எடுத்தபோது, சேமலாப நிதிப் பதிவு இருந்த பலரின் பெயர் பட்டியலில் விடுபட்டது. மேன்முறையீடு என்று அலைந்தார்கள். அன்றிலிருந்து நம் பக்கத்தில் 'ஈபிஎஃப் விழுந்தால் நியமனம் போச்சு' என்பது வேதவாக்காகிவிட்டது. அது வேலையற்றோருக்கென்று வந்த ஒரு திட்டத்தின் நிபந்தனை. திறந்த போட்டிப் பரீட்சையால் வரும் பதவிகளுக்குத் தனியார் வேலையில் இருப்பது தடையே இல்லை. வெள்ளிக்கிழமைகளில், பரீட்சை அறிவித்தல்கள் வரும் அரச வர்த்தமானியைப் பாருங்கள். வயதெல்லையைப் பெரும்பாலும் விண்ணப்ப முடிவுத் திகதிக்குத்தான் கணக்கிடுவார்கள், பரீட்சைத் திகதிக்கு இல்லை. அதில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய. அந்தப் பரீட்சைகளின் நுண்ணறிவுத் தாளுக்குக் கொழும்பு அறையில் இருந்தும் படிக்கலாம். அங்கே காதில் விழுகிற சிங்களத்தையும் விடாதீர்கள். அரச வேலை கிடைத்தால் இரண்டாம் மொழித் தேர்ச்சி எப்படியும் கேட்பார்கள். வராத நியமனத்துக்காக 26 வயதில் சும்மா இருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பாவிடம் 'அரச வேலை வேண்டாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பரீட்சை, எந்த வருடம் என்று சொல்லுங்கள்.

புரொஜெக்ட் முடிய முன்னரே சேவைச் சான்றிதழை வாங்கி விடுங்கள். அலுவலகத்தைப் பூட்டிய பிறகு கையெழுத்து வைக்க ஆள் இருக்காது. மூன்று வருடத்துக்குரிய சேமலாப நிதி உண்மையில் கட்டப்பட்டதா என்று அங்கத்துவ இலக்கத்தோடு மட்டக்களப்பு தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். சுயவிபரக் கோவையில் 'சமூக அணிதிரட்டல் செய்தேன்' என்று எழுதினால் கொழும்பில் ஒருவருக்கும் விளங்காது. எத்தனை குடும்பத்தின் தரவைக் கோபோ என்ற தரவு சேகரிக்கும் செயலியில் சேர்த்தீர்கள், மாத அறிக்கையை எந்த மொழியில் எழுதினீர்கள் என்று எழுதுங்கள்.

தங்கச்சியின் வீடு. நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். தமையன்மாரின் இருபதுகள் அந்தச் சுவரில்தான் கரைகின்றன. சரி பிழை பேச இப்போது நேரமில்லை, ஆவணிக்கு ஒரு வருடம்கூட இல்லை. முதலில் காணி உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியா என்று பாருங்கள். அப்பா பெயரில் பேர்மிட் என்றால், பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அவர் அதைத் தங்கச்சி பெயருக்கு மாற்ற முடியாது. காணிக் கிளையில் அந்த விண்ணப்பத்தை இப்போதே கொடுங்கள். கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் 'உறுதி எங்கே' என்று கேட்டால் கூரையும் ஓடும் உதவாது.

மாரி தொடங்க முன் கூரை ஏறாது என்றால் சீமெந்து வாங்கி அடுக்காதீர்கள். ஈரத்தில் கட்டிபட்டுப் போகும். நன்றாக வைத்தாலும் மூன்று மாதத்தில் பலம் குறையும். சுவரின் தலையைத் தண்ணீர் இறங்காதபடி மூடிவிட்டு, தை பிறந்த பிறகு தொடங்குங்கள். மேசன் பாஸோடும் அப்பாவோடும் ஒருநாள் இருந்து, கலியாணத்துக்குள் கட்டாயம் முடிய வேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள்: கூரை, கதவு யன்னல், ஓர் அறை, குசினி, மலசலகூடம். பூச்சும் மாபிளும் பிறகு வரலாம். முதல் சம்பளத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெப்ரவரி முதல் ஜூலை வரை மாதம் 15,000, மொத்தம் 90,000. 'என்னால் இவ்வளவுதான்' என்று அப்பாவிடம் இப்போதே சொன்னால், மிச்சத்துக்கு அவர் வேறு வழி பார்ப்பார். சொல்லாவிட்டால் உங்கள் 70,000ஐ நம்பி நுண்கடன் எடுப்பார், கிழமைக்குக் கிழமை வாசலில் ஆள் நிற்கும். கொடுக்கிற காசைக் கொடுத்ததாகவே நினையுங்கள். நாளைக்குத் தங்கச்சியிடமோ மச்சானிடமோ அதைச் சொல்லிக் காட்டப் போகிறீர்கள் என்றால், 50,000 மட்டும் கொடுப்பது நல்லது.

திருக்கோவில் பிள்ளை பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அவவின் வீட்டாரைப் பற்றி. அவ என்ன சொல்கிறா? கலியாணம் முடித்தால் வழமைப்படி நீங்கள்தான் அவவின் வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் கொழும்பில் என்றால் அவ அங்கே வருவாவா, அல்லது நீங்கள் மாதம் ஒருமுறை திருக்கோவிலுக்கு வந்துபோகிற மாப்பிள்ளையா? அரச வேலை கேட்கிற பெற்றோர் பல பேர் உண்மையில் கேட்பது இதைத்தான், மகள் எங்கே இருப்பாள் என்று. தாய்வழியாக வரும் குடி, இருவருக்கும் எது என்று விசாரித்து விடுங்கள். ஒரே குடி என்றால் பெரியவர்கள் அண்ணன் தங்கை முறை என்று அங்கேயே நிறுத்துவார்கள். அதை எதிர்த்து நிற்பதா என்பதை நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். தங்கச்சியின் கலியாணம் முடிய முன் உங்களால் பெண் கேட்டுப் போக முடியாது, அது அவவுக்கும் தெரியும். ஆனால் ஆவணிக்குப் பிறகு எத்தனையாம் மாதம் வீட்டாரோடு போவீர்கள் என்பது அவவுக்குத் தெரியாது. அதைச் சொல்லுங்கள். அந்த மாதத்துக்கு அவவால் காத்திருக்க முடியாது என்றால், அதைச் சொல்லும் உரிமையும் அவவுக்கு உண்டு.

கத்தார்க் கூட்டாளிகளைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. தினம் குட்மோர்னிங் அனுப்புவதால் நட்பு நிற்காது. லீவில் யார் எப்போது வருகிறார்கள் என்று கேட்டு வைத்து, அந்த நாளில் நீங்களும் ஊரில் நில்லுங்கள், போதும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் பலர் வருவார்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி சேர்ந்த முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் வீதம்தான் அமய லீவு, அதாவது கஷுவல் லீவு. 14 நாள் வருடாந்த லீவு அடுத்த வருடம்தான். ஜனவரியில் சேர்ந்தால் வைகாசிக்கு உங்களிடம் இரண்டு நாள் இருக்கும். அதைப் பெப்ரவரியில் தடிமனுக்கு எடுத்து முடித்துவிடாதீர்கள்.