படத்துக்குக் கீழே அவள் பெயர் இருக்கட்டும்

மும்பை மாட்டுங்காவிலிருந்து உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. "பன்னிரண்டாவது முடிச்சதும் பத்திரிகை போட்டோகிராபர் ஆகப் போறேங்கிறா. ஆம்பளைக் கூட்டத்துல முட்டி மோதி நிக்கிற வேலை பொண்ணுக்கு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

ஹோமாய் வியாரவல்லாவைப் பற்றிச் சொல்கிறேன். 1913-ல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த பார்சிப் பெண். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவர் படித்த ஜே.ஜே. கலைப் பள்ளி உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை, சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். ஆரம்பத்தில் ஒரு படத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு ரூபாய். 1942-ல் டெல்லிக்குப் போய் பிரிட்டிஷ் தகவல் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். புடவை கட்டிக்கொண்டு, கனமான கேமராவோடு சைக்கிளில் போய்ப் படம் எடுத்தவர். செங்கோட்டையின் முதல் கொடியேற்றம், காந்தியின் இறுதி ஊர்வலம் எல்லாம் அவர் கேமராவில் பதிந்தவை. 2011-ல் பத்ம விபூஷண் கிடைத்தது.

ஆனால் எனக்கு மனசு வலிப்பது வேறு விஷயத்துக்கு. தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில் அச்சாயின. பெண் எடுத்த படம் என்றால் யார் மதிப்பார்கள் என்ற காலம் அது. அதனால் உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்லப் போவது, எடுத்த படம் எதுவானாலும் உன் பெயரைப் போடச் சொல்லிக் கேள், காசு தராவிட்டாலும் பெயரை விட்டுக்கொடுக்காதே என்பதுதான்.

வருமானத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது சரிதான், அதை மறுக்க மாட்டேன். ஃப்ரீலான்ஸில் ஒரு மாதம் பணம் வரும், அடுத்த மாதம் வராது. ஹோமாய்க்கும் கையில் ஒரு நிலையான வேலை இருந்தது. அதனால் வெறும் கேமரா வகுப்பு போதாது, நான்கு வருட பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டம் படிக்கட்டும். பயன்பாட்டுக் கலை எடுத்தால் வடிவமைப்பு, விளம்பரம் என்று வேறு வழிகளும் திறக்கும். நுழைவுத் தேர்வு உண்டு, ஓவியப் பயிற்சியை இப்போதே தொடங்க வேண்டும். விலை உயர்ந்த லென்ஸ் இப்போது வேண்டாம்.

அப்புறம், அடுத்த சனிக்கிழமை வரும்போது அவள் எடுத்ததில் பத்துப் படங்களை அச்சுப் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். அவள் அப்பாவும் கூட வரட்டும்.