சதுரத் துண்டுகளில் ஒரு ஏப்ரன்: கேள்வி-பதில்

5 அங்குலச் சதுரங்களாக வெட்டிக் கட்டாக விற்கும் பருத்தித் துணியை வாங்கிவிட்டு, ஏப்ரன் தைக்க எங்கே தொடங்குவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

என்னிடம் 42 சதுரம் உள்ள கட்டு இருக்கிறது. ஒரு ஏப்ரனுக்குப் போதுமா?

தாராளமாகப் போதும். 5 அங்குலச் சதுரம் தைத்த பிறகு நாலரை அங்குலமாகத்தான் நிற்கும். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். இடுப்புக்குக் கீழே அகலத்தில் 5, நீளத்தில் 4 என்று 20 சதுரம் வைத்தால், இருபத்திரண்டரை அங்குல அகலமும் 18 அங்குல நீளமும் வரும். மார்புப் பகுதிக்கு இரண்டுக்கு இரண்டாக 4 சதுரம். இரண்டுக்கும் நடுவே, தைத்தபின் இரண்டரை அங்குலம் வரும்படி ஒற்றை நிறத்தில் ஒரு இடுப்புப் பட்டி. மொத்தம் 24 சதுரம், இருபத்தொன்பதரை அங்குல உயரம். உயரமானவர் கட்டுவதென்றால் கீழே இன்னொரு வரிசை சேருங்கள்.

மார்புப் பகுதி 9 அங்குலம்தான் வருகிறதே என்று அங்கே மூன்றாவது சதுரம் வைக்காதீர்கள். பதின்மூன்றரை ஆகிவிடும், கை அசைக்கும்போது இடிக்கும். இரண்டு பக்கமும் 1 அங்குலப் பட்டி வைத்தால் அளவாக இருக்கும்.

வரிசை வரிசையாகத் தைத்தேன். ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குட்டை. மூலைகளும் சேரவில்லை. எங்கே தவறு?

தையல் அகலத்தில். ஒட்டுத்துணி வேலையில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கால் அங்குலத்துக்குப் பதில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். இரண்டு துணியிலும் குறைவதால் ஒரு தையலுக்கு ஒரு நூல் போகும். 5 சதுர வரிசைக்குள் 4 தையல். மொத்தம் அரை அங்குலம் காணாமல் போகும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால், இரண்டும் எப்படிச் சேரும்?

மெஷினின் பாதத்தை நம்பாதீர்கள், ஒவ்வொன்றிலும் அது ஒரு அகலம். ஸ்கேலை ஊசிக்குக் கீழே வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனை கால் அங்குலக் கோட்டைத் தொடும்வரை இறக்குங்கள். ஸ்கேலின் வலது ஓரம் எங்கே நிற்கிறதோ, அந்த ஓரத்தை ஒட்டி இரும்புத் தகட்டின் மேல் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணி அந்தத் திட்டில் உரசியபடி போனால் போதும். அப்புறம் மூன்று சதுரங்களை வரிசையாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுச் சதுரத்தை அளந்து பாருங்கள். சரியாக நாலரை இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஒரு மயிரிழை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். இது சரியாகாமல் ஏப்ரனைத் தொடாதீர்கள்.

மூலை சேர, முதல் வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இரண்டு வரிசையையும் மேலே மேலே வைத்துத் தடவினால், எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வது விரலுக்கே தெரியும். அங்கே ஒரு குண்டூசி. இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். இழுத்தால் சதுரம் கோணும்.

கட்டில் வரும் சதுரங்களின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். அளவு பல்லின் நுனிக்கா, பள்ளத்துக்கா என்பதை ஒன்றை எடுத்து அளந்து தெரிந்துகொண்டு, கடைசிவரை அதையே பிடியுங்கள்.

தைக்கும் முன் சதுரங்களைத் துவைக்க வேண்டாமா? சிவப்புச் சாயம் போகுமோ என்று பயம்.

துவைக்காதீர்கள். ஓரம் பிரியும், சுருங்கிக் கோணலாகும். சந்தேகப்படும் துண்டின் மேல் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேயுங்கள்; நிறம் ஒட்டினால் அந்தத் துண்டு இந்த ஏப்ரனுக்கு வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பாதீர்கள்.

உள்ளே வைக்கும் லைனிங் துணி நன்றாகச் சுருங்கக் கூடியது. அதை மட்டும் முதல் நாளே ஊறவைத்து உலர்த்துங்கள். சதுரங்களை எல்லாம் சேர்த்து முடித்ததும், சுற்றிலும் ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டி, அதையும் நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதன் அளவுக்கு லைனிங்கை வெட்டுங்கள். இரண்டும் சுருங்கி முடித்தவை என்பதால் பின்னால் சுருக்கம் விழாது.

திருப்பூரிலிருந்து பனியன் துணித் துண்டுகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றையும் கலக்கலாமா?

வேண்டாம். பனியன் துணி இழுபடும், நெய்த பருத்தி இழுபடாது. இரண்டையும் சேர்த்தால் தையலே நெளியும்.

டெய்லர் கடை பிட் துணியில் நானே சதுரம் வெட்டிக்கொள்ளலாமா?

வெட்டலாம், ஆனால் அது பருத்திதானா என்று பார்த்துவிட்டு. ஏப்ரன் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற துணி. பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து பொடிச் சாம்பலாகும். உருகி, கடினமான மணியாகத் திரண்டால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். பருத்தி என்று தெரிந்த பிட்டை வெட்டும் முன்பே துவைத்துவிடலாம். கட்டில் வரும் சதுரத்துக்கு இல்லாத வசதி இது.

நாடா எவ்வளவு நீளம்? துவைக்கத் துவைக்கப் பிய்ந்துவிடுகிறது.

4 அங்குல அகலத் துணியை நாலாக மடித்துத் தைத்தால் 1 அங்குல நாடா. கழுத்துக்கு 24 அங்குலம், இடுப்புக்குப் பக்கத்துக்கு 36. நாடாவின் முனையை மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஒரு அங்குலம் உள்ளே விட்டுத் தையுங்கள். புரட்டிய பிறகு அந்த இடத்தில் வெளியிலிருந்து ஒரு கட்டம் போட்டு, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறிபோல இரண்டு தையல் ஓட்டுங்கள். இப்படித் தைத்தால் பிய்யாது.

பாக்கெட் எங்கே வைப்பது?

நடு வயிற்றில் வேண்டாம், குனியும்போது மடங்கும். நாலு சதுரத்தில் லைனிங் வைத்துத் தைத்து, வலது கைக்காரருக்கு வலது பக்கம், இடுப்புப் பட்டிக்கு 3 அங்குலம் கீழே. வாயின் இரண்டு மூலையிலும் தையலை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்குங்கள், கை விட்டு எடுக்கும்போது முதலில் பிரிவது அங்கேதான்.